மருந்து போடாமல் வரச்சொன்ன நாள்

என் கணவருக்கு முதலில் போனது கை அல்ல, முகம். பார்க்கின்சன் நோய் என்றால் கை நடுங்கும் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். இவருக்குக் கை நடுங்கியது பிறகுதான். அதற்கு வெகுகாலம் முன்பே சிரிப்பு நின்றுவிட்டது. அதுவும் அந்த நோயின் வருத்தம்தான் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் கோபம் என்று நினைத்தேன். ஜெர்மனியில் எசன் நகரில் இருந்த எங்கள் சனம் தலைக்கனம் என்று நினைத்தது.

சனத்தைக் குறை சொல்லமுடியாது. இவருடைய முகம் அப்படிப்பட்ட முகம். கண் ஒரு பக்கம், புருவம் ஒரு பக்கம், வாய் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக வேலை செய்யும். பிறந்தநாள் கொண்டாட்டமோ, சனத்தின் பிள்ளைகளுக்குக் கோவிலில் முதல் நன்மை கொடுக்கிற நாளோ, எங்கே போனாலும் ஒரு மூலையில் இவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். எங்கள் விசாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த அதிகாரி, இவர் வேலைசெய்த பேக்கரியின் மேற்பார்வையாளர், பூசையில் கொட்டாவியை விழுங்குகிற ஆட்கள், எல்லாரும் அந்த முகத்தில் வந்துபோவார்கள். வாயே திறக்கமாட்டார். பார்க்கிறவர்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

எங்களுடையது படம் பார்த்துப் பேசிய கலியாணம். யாழ்ப்பாணத்துக்கு வந்த படத்தில் ஆள் செத்தவீட்டுக்கு வந்தவர்போல நின்றார். நான் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பயந்து பயந்து மேற்கு பெர்லினுக்குள் வந்து சேர்ந்தபோது ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் படத்தில் இருந்த முகத்தை அப்படியே வைத்துக்காட்டினார். பிறகு கலைத்துவிட்டுச் சிரித்தார். நாட்கணக்காகச் சோறு தண்ணீர் ஒழுங்காக இல்லாமல் வந்த நான், ஆட்கள் பார்க்கப் பார்க்க, பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். எனக்கு இவரைப் பிடித்துப்போனது அந்த நேரத்தில்தான். வேறு காரணம் தேடவேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

அந்த முகம் இரண்டாயிரத்து மூன்று, நான்கில் மெல்ல மெல்ல நின்றுபோனது. நான் ஏதாவது பகிடி சொன்னால் இவர் கேட்டுக்கொண்டு இருப்பார், அவ்வளவுதான். "என்னோட என்ன கோபம்?" என்று கேட்பேன். "கோபம் ஒண்டும் இல்லை" என்பார். கோபமில்லை என்று சொல்லும்போதும் முகம் கல்லுப்போல இருந்தால் யார் நம்புவது? சண்டை பிடித்தேன். நான் பொறுமைக்காரி இல்லை. பிறகு தோள் நோகிறது என்றார், பேக்கரியில் மாவுத் தட்டு கையில் நிற்கவில்லை என்றார். நரம்பு டொக்டரிடம் போனோம். அவர் வயதான அம்மா, நல்ல மனுசி. இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்கள் கணவர் எப்போதிருந்து சிரிப்பதில்லை?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கோபமில்லை என்பதில் ஒரு நிம்மதியும் வந்தது, அது அதிக நேரம் நிற்கவில்லை.

மூளைக்குள்ளே ஒரு பொருளைச் சுரக்கிற கலங்கள், செல் என்கிறார்களே அவை, செத்துக்கொண்டு வருகின்றன என்று அந்த அம்மா விளக்கினார். அந்தப் பொருள் குறையக் குறைய உடம்பு இறுகும். குளிசை தந்தார். குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்தில் இவருடைய கையும் காலும் இளகும், முகமும் வரும். அந்த நேரத்தைத்தான் நான் காத்துக்கொண்டிருப்பேன். சமையல் வேலையைப் போட்டுவிட்டு வந்து எதிரே இருப்பேன். பார்க்க வெட்கக்கேடாகத்தான் இருந்திருக்கும், இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் புதுப்பெண்போல வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது. வருடம் போகப்போக அந்த நேரம் சுருங்கிக்கொண்டு வந்தது. முகம் வருவதும் அரைகுறையானது.

அப்போதுதான் தொலைக்காட்சியில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். செத்த கலங்களுக்குப் பதிலாக உயிருள்ள புதிய கலங்களை மூளைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்களாம். முன்பே சில நாடுகளில் செய்து பார்த்தவர்களாம். அப்படிச் செய்துகொண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவனைக் காட்டினார்கள். அவர் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பெரிய சிரிப்பில்லை, வாயின் ஒரு ஓரம் மட்டும். நான் எழும்பித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அடுத்த முறை எங்கள் டொக்டரம்மாவை விடவில்லை. அதிகம் நம்பவேண்டாம் என்றார் அவர். சிலருக்குப் பல வருடம் நன்மை இருந்தது, சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை, சிலருக்குக் கைகால் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது, அதனால் நிறுத்திவைத்திருந்தார்கள் என்றார். இப்போது மறுபடியும் கவனமாகத் தொடங்க ஆயத்தம் செய்கிறார்கள், வயது குறைந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று கடைசியில் சொன்னார். இவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் சொன்னதில் கடைசி வசனம் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து இவருக்கு நான் விளங்கப்படுத்தினேன். எங்கள் பல்கனியில் வருடாவருடம் மிளகாய்க் கன்று வைப்போம். ஜன்னலோரம் சின்னக் கோப்பைகளில் முளைக்கவைத்து, குளிர் போனபிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுவது வழக்கம். "அதைப் போலத்தான். உங்கட தலைக்குள்ள புதுக் கலங்களைக் கன்று மாதிரி நடப்போகினம், அவ்வளவுதான். வேர் பிடிச்சா முகம் வரும்."

"ஓம்" என்றார்.

ஆமாம் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் ஓமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் ஒருவரையும் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டோம். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி கோப்பி குடிக்க வரச்சொன்னால் ஓம் என்போம், போகமாட்டோம். விருப்பமில்லாத சம்பந்தம் வந்தால் ஓம், யோசிப்போம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே வேண்டாம் என்று விலகும்படி ஏதாவது செய்வோம். ஒருவருக்கும் நோகாது. ஜெர்மன்காரர்களுக்கு இது பொய்யாகப் படும். எங்களுக்கு இது மரியாதை. எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஓமை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன், எனக்கு அது வேண்டியிருந்தது.

அந்த ஆவணியில் கெவெலாருக்குப் போனோம். ஊரில் மடு மாதாவிடம் போவதுபோல எங்கள் சனம் வருடத்தில் ஒருமுறை அந்த மாதா கோவிலில் கூடும், சைவக்காரரும் வருவார்கள். இவருக்கு முகம் திரும்பினால் அடுத்த வருடம் எசனில் இருந்து நடந்தே வருவேன் என்று நேர்த்தி வைத்தேன். வைத்ததை இவருக்கும் சொன்னேன். பூசை வைக்கிற சுவாமியாரிடம் மட்டும் இந்த வைத்தியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கலங்கள் எங்கே இருந்து வருகின்றன என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுவதையும் சொன்னது, இந்த வைத்தியத்தைத் தொடங்கவிருந்த, தெற்கே இருந்த பல்கலைக்கழக ஆஸ்பத்திரி டொக்டர். எங்களை முதலில் பேசுவதற்கு மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். மெலிந்த, கண்ணாடி போட்ட மனுசன், எங்களைவிட வயது குறைவு. எதையும் மறைக்காமல் சொன்னார். பெண்கள் வேண்டாமென்று முடிவெடுத்த கர்ப்பங்களில் இருந்து, மிகச் சிறிய பருவத்தில் எடுக்கப்படுகிற மூளைக் கலங்கள். ஒரு நோயாளிக்கு ஒன்று போதாது, பல வேண்டும். மெல்லிய ஊசியால் ஆழத்தில் வைப்போம். பலன் தெரிய ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம். கேள்வி ஏதாவது உண்டா என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

இவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "அந்தத் தாய்மாருக்கு இது தெரியுமா?"

"தெரியும்," என்றார் டொக்டர். "ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்போம். விருப்பமென்றால் மட்டும்தான்."

இவர் தலையாட்டினார். முகத்தில் ஒன்றுமில்லை, இருக்கவும் முடியாது. எனக்கு வேறொன்று நினைவு வந்தது. ஜெர்மனிக்கு வந்த அடுத்த வருடம், அகதி விடுதியில் இருந்தபோது, நாலாம் மாதத்தில் எனக்கு வயிற்றுப்பிள்ளை அழிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், சுத்தம் செய்தார்கள், என் இரவு உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்து அனுப்பினார்கள். பிறகு ஒன்றும் தங்கவில்லை. அதைப்பற்றி நானும் இவரும் ஒருநாளும் பேசியதில்லை. டொக்டரின் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு நான் அந்த நினைவை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். எனக்கு இவருடைய முகம் வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் அந்த அறைக்குள் விட எனக்கு மனமில்லை.

சோதனைக்கு இன்னொரு நாள் தந்தார்கள். அதற்கு ஒரு விதி இருந்தது. முதல்நாள் பின்னேரத்தில் இருந்து குளிசை எதுவும் போடக்கூடாது. மருந்தில்லாத உடம்பை முதலில் பார்ப்பார்கள். பிறகு குளிசை தந்து, அது வேலைசெய்யும்போது பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவுதான் புதிய கலங்களால் தரமுடியும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வித்தியாசம் இல்லையென்றால் சேர்க்கமாட்டார்கள்.

காலையில் மருந்தில்லாமல் ரயில் ஏறமுடியாது என்பதால் முதல்நாளே போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கினோம். மறுநாள் இவரை எழுப்பி, முகம் கழுவி, உடுப்பு மாட்ட அரைநாள் போகும் என்று நினைத்து வெள்ளெனவே கண்விழித்தேன். இவர் கட்டிலில் இல்லை. சேட்டுப் போட்டு, பொத்தான் எல்லாம் தானே பூட்டி, ஜன்னலடியில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார்.

"உமக்கென்ன, கலியாணப் பொம்பிளைக்கு இவ்வளவு நேரம் நித்திரையோ?"

அந்த முகம். முழுவதும் இருந்தது. எப்போது பார்த்தேன் என்று நினைவில்லாத அளவுக்கு முழுவதும். காலைச் சாப்பாட்டில், முட்டையைக் கரண்டியால் தட்டித் தட்டிக் குறிபார்த்து உடைத்த ஒரு ஜெர்மன் ஐயாவை அப்படியே செய்துகாட்டினார். நான் கோப்பியைத் துப்பாத குறையாகச் சிரித்தேன். எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்டால் அந்த முகம் போய்விடும் என்று கேட்காமல் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் அவரைப் பிடிப்பதற்காக அல்ல, சும்மா.

டொக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், இவர் தட்டினார். கையைத் திருப்பச் சொன்னார், திருப்பினார். நடைபாதையில் போய் வரச் சொன்னார், பேக்கரி வேலைக்கு நேரம் பிந்தியவர்போல நடந்துவந்தார். டொக்டர் எழுதினார், யோசித்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு குளிசை கொடுத்தார்கள். காத்திருந்தோம். இவருடைய தோளும் கழுத்தும் மெல்ல நெளியத் தொடங்கின. மருந்து அளவுக்கு மிஞ்சினால் அப்படித்தான் நடக்கும், வீட்டில் பார்த்திருக்கிறேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வித்தியாசத்தைக் காணவில்லை, இப்படியென்றால் உங்களை எடுப்பது கஷ்டம் என்றார்.

"இவர் காலையில் குளிசை போட்டுவிட்டார்," என்று நான் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. டொக்டர் கோபிக்கவில்லை, கதிரையை இழுத்து இவருக்கு முன்னால் வந்து இருந்தார்.

"உங்களுக்கு இதில் சேர விருப்பமா? இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். உங்கள் வழமையான வைத்தியத்தில் ஒன்றும் குறையாது."

"விருப்பம், விருப்பம். கட்டாயம்," என்றார் இவர். "மறந்துபோய்ப் போட்டுவிட்டேன், மன்னியுங்கள்."

டொக்டர் நம்பினாரோ என்னவோ, இன்னொரு நாள் தந்தார்.

ரயிலில் ரைன் ஆற்றங்கரை முழுக்க நான் ஏசிக்கொண்டு வந்தேன். எதிரே ஆட்கள் இருந்தார்கள், தமிழ் தெரியாதவர்கள்தானே. இவர் கேட்டுக்கொண்டு வந்தார். மைன்ஸ் தாண்டியபிறகு மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"விருப்பமில்லை எண்டா ஏலாது எண்டு சொல்லவேண்டியதுதானே?"

"ஆரிட்டைச் சொல்லுறது? அந்த டொக்டர் எவ்வளவு மரியாதையாக் கதைக்கிறார். உம்மட்டைச் சொல்லுறதோ? நீர் நடந்து வாறனெண்டு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறீர்."

"அதுக்காக எல்லாருக்கும் பொய் சொல்லிப் பேய்க்காட்டுறதோ?"

"அவையளே வேண்டாம் எண்டு சொன்னா ஒருத்தருக்கும் நோகாது எண்டு நினைச்சன்."

குளிசையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் புருவம் நின்றது. குரலும் சின்னதாகிவிட்டது, காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"அந்தத் தாய்மாரிட்டைக் கேக்கிறவையாம்," என்றார். "எங்களிட்டை ஆரும் கேக்கேல்லை."

நான் அவர் தோளோடு சரிந்து இருந்தேன்.

"எங்கட பிள்ளையை எங்கை கொண்டுபோனவை எண்டு நானும் கேக்கேல்லை. அப்ப எனக்கு டொச் தெரியாது. தெரிஞ்ச பிறகும் கேக்கேல்லை. இப்ப ஆரின்ரையோ பிள்ளையளை என்ர தலைக்குள்ள வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு பகிடி விடுறது? பிழை எண்டு சொல்லேல்லை. மற்றவைக்கு நல்லாய் வரட்டும். எனக்கு ஏலாது."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இத்தனை வருடம் அதை அவர் தனியாக வைத்திருந்தார் என்பது ஒரு பக்கம், அதை இன்றைக்குத்தானா எடுக்கவேண்டும் என்பது மறுபக்கம்.

"பிள்ளையும் இல்லை, இந்த முகமும் இல்லையெண்டா எனக்கு என்ன மிச்சம்? அதைச் சொல்லுங்கோ."

கொப்ளென்ஸ் ஸ்டேஷன் வந்துபோனது. முகம் முழுவதாக அடைபட்டுவிட்டது.

"நீர் போ எண்டா போறன்," என்றார். "இனிச் சோதனைக்கு முதல் குளிசை போடமாட்டன்."

அது பொய்யான ஓம் இல்லை. நான் சொன்னால் அவர் போவார், மண்டையில் துளை போட விடுவார். முடிவை என் மடியில் வைத்துவிட்டார். அதைவிட என்னோடு சண்டை பிடித்திருக்கலாம்.

டொக்டர் தந்த அடுத்த நாள் வருவதற்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. நான் வேலைக்குப் போனேன், முதியோர் இல்லத்தில் துணி மடித்தேன், வீட்டுக்கு வந்தேன். இவர் ஒருமுறையும் கேட்கவில்லை. போகச் சொல்வது என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். சத்திரசிகிச்சை முடிந்து, கலங்கள் வேர் பிடித்து, ஒருநாள் இவர் கதவைத் திறந்து புருவத்தைத் தூக்குவதை எத்தனை தரம் மனதுக்குள் பார்த்திருப்பேன். சோறு வடிக்கும்போதும் பார்த்தேன், ட்ராமில் நிற்கும்போதும் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு தரமும் அந்தச் சிரிப்புக்குப் பிறகு, எனக்கு ஏலாது என்று காதுக்குள் சொன்ன குரலும் கேட்டது. அவர் சிரிப்பார். எனக்காகச் சிரிப்பார். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஓம் சொல்வதுபோல அது இருக்கும். நான் அதையும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பெர்லின் ஸ்டேஷனில் நான் பையைக் கீழே போட்டது அந்த மாதிரிச் சிரிப்புக்கு அல்ல.

ஒரு சனிக்கிழமை தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் ஒரேயடியாகத் தெளிந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை ஒருவரும் ஃபோன் எடுக்கமாட்டார்கள். திங்கள் காலை இவருக்குப் பக்கத்தில் இருந்தே ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். ஒரு பெண் பேசினார். நாங்கள் வரவில்லை என்றேன். வேறு திகதி தரட்டுமா என்று கேட்டார். இந்த இடத்தில்தான் நாங்கள் ஓம், நல்லது, பிறகு எடுக்கிறோம் என்று சொல்வது.

"இல்லை," என்றேன். "வேண்டாம். என் கணவருக்கு விருப்பமில்லை. எனக்கும் இல்லை."

இரண்டாவது பாதி உண்மையில்லை. இருந்தாலும் சொன்னேன். அந்தப் பெண் நன்றி சொல்லி, நலமாக இருங்கள் என்று வைத்துவிட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது.

ஃபோனை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் இவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண் இமைக்கவில்லை, வாய் கொஞ்சம் திறந்திருந்தது, காலைக் குளிசை இன்னும் பிடிக்கவில்லை. சந்தோசமோ துக்கமோ, சுவரைப் பார்ப்பதும் சரி அவரைப் பார்ப்பதும் சரி என்று இருந்தது. நான் எழும்பப் போனேன். இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். ஏதோ சொன்னார், கேட்கவில்லை. குனிந்தேன்.

"சிரிக்கிறன்," என்றார்.

நான் நம்பினேன். ஆனால் பார்க்க ஆசையாக இருந்தது.